ஜெர்மனித் தேருக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு... திருவொற்றியூர் தேருக்கு?

எங்கள் பெரியம்மா பிறந்தது திருவொற்றியூர், வாழ்க்கைப்பட்டது ராயபுரம். 63 வயதில் இதுவரை அவர் போன தூரத்துப் பயணம் என்றால் வேளாங்கண்ணிதான். இந்த ஜூனில் முதன்முறையாக விமானம் ஏறப் போகிறார். ஜெர்மனியில் ஹாம் நகரத்துக்குப் பக்கத்தில் அக்கா வேலை பார்க்கிறார். "கோயில் தேர் நேரத்துல வாம்மா" என்று டிக்கெட்டும் போட்டுவிட்டார்.

ஆமாம், ஜெர்மனியில் தேர்தான்! ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்த தமிழர்கள் அங்கே எழுப்பிய ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயிலுக்கு 2002-ல் கும்பாபிஷேகம் நடந்தது. கோபுரம், காவடி, கற்பூரம், வடம் பிடித்து இழுக்கும் தேர் என எல்லாம் உண்டு. கோடையில் நடக்கும் இந்தத் திருவிழாவுக்கு ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானவர்கள் வருகிறார்கள். அந்தக் கோயில் இருப்பதே தொழிற்சாலைகள் நிறைந்த பகுதியில்தான். இதைச் சொன்னதும், "அப்ப நம்ம எண்ணூர் மாதிரின்னு சொல்லு" என்று சிரித்தார் பெரியம்மா.

விசாவுக்கான பேப்பர்களை நான்தான் அடுக்கிக் கொடுத்தேன். அதில் ஒன்று டிராவல் இன்ஷூரன்ஸ். ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி போன்ற ஷெங்கன் நாடுகளுக்கு விசா கேட்டால், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். நம் பணத்தில் சுமார் 30 லட்சம் ரூபாய். அது இல்லாவிட்டால் விசா கிடையாது.

பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பெரியம்மா கேட்டார். "அந்த ஊரு தேருக்குப் போக இத்தன லட்சத்துக்கு இன்ஷூரன்ஸ் கேக்கறான். இத்தன வருஷமா நம்மூரு தேருக்குப் போறேனே, என்னிக்காவது யாராவது கேட்டாங்களாடி?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியப்பா எதுவும் பேசவில்லை. அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு திருவிழா இரவில், மின்சார ரயிலின் வாசலில் நின்று வந்தபோது கூட்ட நெரிசலில் பிடி நழுவி விழுந்துவிட்டார். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அன்றோடு அந்த வேலை போயிற்று. எங்கிருந்தும் ஒரு ரூபாய்கூட இழப்பீடு வரவில்லை. காரணம், கேட்கலாம் என்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

பெரியம்மாவின் கேள்விக்குப் பதில் தேடித்தான் மே மாதக் கடைசி ஞாயிறு அன்று அவரோடு கிளம்பினேன். ராயபுரத்தில் ரயில் ஏறி, திருவொற்றியூரில் அம்மனைக் கும்பிட்டுவிட்டு, எண்ணூரில் சித்தி வீட்டில் சாப்பாடு. இதுதான் பிளான்.

ராயபுரம்: 5 ரூபாய் டிக்கெட்டின் மதிப்பு

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ல் கிளம்பியது இந்த ராயபுரத்திலிருந்துதான். வாலாஜா ரோடு வரை போனது. அந்தப் பழைய கட்டடத்தின் உயரமான தூண்கள் இன்றும் நிற்கின்றன. ஊருக்குப் பெயர் தந்தவர் புனித இராயப்பர். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படகுத் தொழிலாளர்கள் கட்டிய தேவாலயம் அவருடையது. ஜூன் 29 இராயப்பர் திருநாள். அவரும் மீனவர்தானே! அதனால் இந்தக் கடற்கரைக்கு அவர் சொந்தக்காரர் மாதிரி.

கவுன்டரில் திருவொற்றியூருக்கு ஆளுக்கு 5 ரூபாய் டிக்கெட். பெரியம்மா வழக்கம்போல அதைக் கசக்கப் போனார். "வேணாம் பெரியம்மா, இதுதான் உங்க இன்ஷூரன்ஸ்" என்று தடுத்தேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ரயில்வே சட்டத்தின் 124ஏ பிரிவின்படி, செல்லுபடியாகும் டிக்கெட்டோடு பயணம் செய்பவர் ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுந்தால் ரயில்வே இழப்பீடு தர வேண்டும். ரயில்வே மீது தவறு இருக்கிறதா, இல்லையா என்று பார்ப்பதில்லை. மரணத்துக்கு 8 லட்சம் ரூபாய். காயம், ஊனம் என்றால் அதன் அளவுக்கு ஏற்ற தொகை. மின்சார ரயிலுக்கும் இது பொருந்தும். சீசன் டிக்கெட்டும் டிக்கெட்தான். வழியனுப்ப வந்தவர் பிளாட்பாரம் டிக்கெட் வைத்திருந்தால் அவருக்கும் உண்டு.

டிக்கெட் தொலைந்துவிட்டால்? அதற்காக மட்டுமே இழப்பீட்டை மறுக்க முடியாது என்று 2018-ல் ரீனா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. டிக்கெட் எடுத்துத்தான் பயணம் செய்தார் என்று குடும்பத்தினர் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்து, சூழ்நிலையை விளக்கலாம். ஆனால், ரயில்வே உரிமைத் தீர்ப்பாயத்தில் ஒரு வருடத்துக்குள் மனு செய்ய வேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் தீர்ப்பாயம் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். தீர்ப்பாயத்தின் அமர்வு சென்னையிலேயே இருக்கிறது.

குடிபோதையில் விழுந்தவருக்கு இது கிடையாது. தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபட்டாலும் இந்தப் பிரிவில் கேட்க முடியாது. திருவிழா நாள்களில் பாலத்தில் ஏறச் சோம்பல்பட்டு தண்டவாளத்தில் இறங்குபவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு பெரியம்மா கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க பெரியப்பா அன்னிக்கு டிக்கெட் எடுத்துட்டுத்தாண்டி வந்தாரு" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

காசிமேடு: 20 ரூபாய் கணக்கு

ரயில் நகர்ந்தபோது கிழக்குப் பக்கம் கையைக் காட்டினார். அந்தப் பக்கம்தான் காசிமேடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள்கள் விசைப்படகுகள் எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். கையில் காசு புழங்காத மாதங்கள்.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம் என்ற விபத்துக் காப்பீட்டுக்கு வருடத்துக்கு 20 ரூபாய்தான் பிரீமியம். 18 முதல் 70 வயது வரை, வங்கிக் கணக்கு உள்ள எவரும் சேரலாம். விபத்தில் மரணம் அல்லது முழு ஊனம் என்றால் 2 லட்சம் ரூபாய், நிரந்தரப் பகுதி ஊனம் என்றால் 1 லட்சம் ரூபாய். பாலிசி வருடம் ஜூன் 1-ல் தொடங்கி மே 31-ல் முடிகிறது. அதனால் மே மாதக் கடைசியில் கணக்கிலிருந்து 20 ரூபாய் தானாகப் பிடிக்கப்படும். அந்த நேரத்தில் கணக்கில் பணம் இல்லாவிட்டால் பாலிசி நின்றுபோகும்.

தடைக்காலத்தின் நடுவில் வருகிறது அந்த மே 31. கடலுக்குப் போகிற வீட்டில் கணக்கு காலியாக இருக்கும் நேரம் அதுதான். ஜூன் 15-ல் கடலுக்குப் போகும்போதும், 29-ம் தேதி திருநாள் கொண்டாடும்போதும் அந்த 2 லட்சம் ரூபாய் பாதுகாப்பு இல்லாமல் போகலாம். ஒரு டீ, ஒரு பஜ்ஜிக்கு ஆகும் காசுதான். மே 25-க்குள் கணக்கில் போட்டு வைத்துவிடுங்கள். விட்டுப்போயிருந்தால் வங்கியில் மறுபடி சேர்ந்துகொள்ளலாம்.

திருவொற்றியூர்: தேரும் கன்டெய்னரும்

தியாகராஜ சுவாமி கோயிலுக்குள் நுழைந்ததும் பெரியம்மா சின்னப் பெண்ணாகிவிட்டார். மாசிப் பெருவிழாவில் சுந்தரருக்கும் சங்கிலி நாச்சியாருக்கும் நடக்கும் திருக்கல்யாணம், மகிழ மரத்தடியில் மகிழடி சேவை. கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள்கள் மட்டும் கவசம் இல்லாமல் காட்சி தரும் ஆதிபுரீஸ்வரர். ஆடியில் கடலோரத்துப் பட்டினத்தார் சமாதியில் குருபூஜை. ஒவ்வொன்றுக்கும் எங்கே நின்றால் நன்றாகத் தெரியும் என்பது வரை சொன்னார். வடிவுடையம்மன் சன்னதியில் ஜெர்மனி பாஸ்போர்ட் பையையே வைத்துக் கும்பிட்டார்.

மெட்ரோ வந்த பிறகு இங்கே வருவது சுலபம். 2021-ல் விம்கோ நகர் வரை ரயில் நீண்டது. இப்போது 'திருவொற்றியூர் தேரடி' என்றே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. வெளியூரிலிருந்து திருவிழாவுக்கு வருபவர்களுக்கு இதுதான் பாதுகாப்பான வழி.

ஏனென்றால் கடலோரச் சாலை அப்படியில்லை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. ராத்திரி சுவாமி பார்த்துவிட்டுக் குழந்தைகளோடு பைக்கில் திரும்புபவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். சாலை விபத்து நடந்துவிட்டால் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று, 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம். தமிழக எல்லைக்குள் விபத்து நடந்தால், திட்டத்தில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, குறிப்பிட்ட வரம்பு வரை அரசே ஏற்கும். காப்பீட்டு அட்டை தேவையில்லை. வெளிமாநிலத்தவர், வெளிநாட்டவருக்கும் உண்டு. 108-ல் வருபவர்களிடம், திட்டத்தில் உள்ள பக்கத்து மருத்துவமனை எது என்று கேளுங்கள்.

எண்ணூர்: காகிதம் காப்பாற்றாத இடம்

கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம். ஒரு பக்கம் அலை, ஒரு பக்கம் கழிமுகம், பின்னால் புகைபோக்கிகள். சித்தி வீட்டு இறால் தொக்கு அந்தத் தண்ணீரில் பிடித்த இறாலில் செய்ததுதான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து இந்தக் கழிமுகமே கறுத்துப் போனது. அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் பக்கம் அமோனியா வாயு கசிந்து, ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். "அன்னிக்கு எந்தப் பேப்பரையும் எடுக்கல. புள்ளைங்களதான் தூக்கினோம்" என்றார் சித்தி.

உண்மைதான். காப்பீடு விபத்தைத் தடுக்காது. விபத்துக்குப் பிறகு குடும்பம் கடனில் மூழ்காமல் தடுக்கும், அவ்வளவே. அலைத்தடுப்புப் பாறைகளில் ஏறி செல்ஃபி எடுக்காமல் இருப்பதும், முகத்துவாரத்தில் குளிக்க இறங்காமல் இருப்பதும் நம் கையில்தான் இருக்கிறது.

பயணத்துக்கு முன் ஒரு பார்வை

* ரயிலில் வெளியூர் திருவிழா: வேளாங்கண்ணிக் கொடியேற்றம் ஆகஸ்ட் 29, திருவிழா நிறைவு செப்டம்பர் 8. ஐஆர்சிடிசி-யில் முன்பதிவு செய்யும்போது இன்ஷூரன்ஸ் கட்டத்தை டிக் செய்யுங்கள். ஆளுக்கு 45 பைசா. மரணத்துக்கு 10 லட்சம், மருத்துவமனைச் செலவுக்கு 2 லட்சம் ரூபாய் வரை. அதன் பிறகு வரும் லிங்க்கில் நாமினி பெயரைப் பதிவு செய்ய மறக்காதீர்கள்.

* மின்சார ரயில்: அந்த 45 பைசா இன்ஷூரன்ஸ் இதற்குக் கிடையாது. டிக்கெட்தான் ஆதாரம். வீட்டுக்கு வந்து சேரும்வரை பத்திரமாக வையுங்கள். மொபைலில் எடுத்தால் இன்னும் நல்லது.

* ஐரோப்பா: சர்க்கரை, பிபி இருந்தால் மறைக்காமல் சொல்லிப் பாலிசி எடுங்கள். மறைத்தால் கிளெய்ம் நிராகரிக்கப்படலாம். மருத்துவமனையில் சேரும் முன், முடிந்தால் உதவி எண்ணுக்கு அழையுங்கள். பொருள் திருட்டுப் போனால் அங்கேயே போலீஸில் எழுதி வாங்குங்கள். மது அருந்திய நிலையில் நடந்த விபத்தையும், காளைகளோடு ஓடுவது போன்ற சாகசங்களையும் பல பாலிசிகள் ஏற்பதில்லை.

* விபத்து நடந்தால்: ரயில், சாலை விபத்தோ, நீரில் மூழ்குவதோ எதுவானாலும் காவல்துறையில் பதிவு செய்யுங்கள். மருத்துவமனை ரசீது ஒன்றைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள்.

* முக்கியமானது: என்னென்ன காப்பீடு இருக்கிறது, பேப்பர் எங்கே இருக்கிறது என்பது வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் நடந்தது உங்கள் வீட்டில் நடக்க வேண்டாம்.

சாயங்காலம் ராயபுரம் வந்து சேர்ந்தோம். பெரியம்மா நேராகப் பெரியப்பாவிடம் போய், "உங்க பாஸ்புக்க எடுங்க. இருபது ரூபா இருக்குதா பாக்கணும்" என்றார். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, காலையில் எடுத்த 5 ரூபாய் டிக்கெட்டையும் திரும்பி வந்த டிக்கெட்டையும் எடுத்து நீவினார்.

"வீடு வந்தாச்சு பெரியம்மா, இனிமே கிழிச்சிடலாம்" என்றேன்.

"இருக்கட்டும்டி" என்று சொல்லி, இரண்டையும் ஜெர்மனி பேப்பர்கள் இருந்த பைக்குள்ளேயே வைத்துவிட்டார்.