ஓரிக்குப் பிறகு உலை

கொல்லிமலைக்குப் போய்த் திரும்பியவர்கள் முதலில் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றிச் சொல்வார்கள். வழியில் வாந்தி எடுத்தவர்கள் அதையும் சேர்த்துச் சொல்வார்கள். அடுத்தது ஆகாச கங்கை அருவி, அறப்பளீசுவரர் கோயில். தமிழில் கொஞ்சம் ஈடுபாடு உள்ளவர்களாயிருந்தால் வல்வில் ஓரி. செம்மேட்டில் அவனுக்குச் சிலை இருக்கிறது; ஆடிப் பெருக்கை ஒட்டி ஆண்டுதோறும் அரசாங்க விழாவும் நடக்கிறது. ஒரே அம்பில் யானை முதல் உடும்பு வரையில் துளைத்துவிட்டான் என்பது அவன் புகழ். அப்பேர்ப்பட்டவனை மலையமான் திருமுடிக்காரி கொன்று, மலையைச் சேரனுக்குக் கொடுத்துவிட்டதாக அகநானூற்றில் இருக்கிறது.

இந்தக் கதையில் எனக்கு வெகு நாளாக ஒரு மனக்குறை. மலை கை மாறியது, சரி. மறுநாள் காலையில் அந்த மலைக் குடிசைகளில் எதை உலையில் போட்டார்கள்? யுத்தம் முடிந்தது என்று முரசு அறைவது ஒரு நாள் காரியம். அதற்குப் பிறகு தினை விற்க வேண்டும், உப்பு வாங்க வேண்டும், நேற்று வரை விரோதியாயிருந்தவன் ஊருக்கே மூட்டையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அந்தப் பிரயாணத்தைப் பாட ஒரு புலவருக்காவது மனம் வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

சோளக்காட்டுச் சந்தையில் நின்றபோது இந்த நினைவு மறுபடி வந்தது. பலாப்பழம், அன்னாசி, மலை வாழை, மிளகு எல்லாம் வந்து குவிகின்றன. ஆனால் மலையின் பணப்பயிர் என்று சொன்னால் குச்சிக்கிழங்கையும் சொல்லியாக வேண்டும். புத்தகத் தமிழில் மரவள்ளி. சேலத்து ஜவ்வரிசியின் மூலப்பொருள்.

சேலத்து ஜவ்வரிசி யுத்தம் பெற்ற பிள்ளை. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. மலாயாப் பக்கத்திலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றது. பாயசப் பிரியர்கள் தவித்திருப்பார்கள். 1943 வாக்கில் சேலத்தில் சில வியாபாரிகள் மரவள்ளி மாவிலிருந்தே மணி உருட்டிப் பார்த்தார்கள், பலித்துவிட்டது. பிறகு ஆலைகள் பெருகின. 1981-ல் ஆலைக்காரர்கள் சேர்ந்து சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கத்தையும் ஏற்படுத்திக்கொண்டார்கள். கிழங்கு மலையேறிற்று. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில் பெரும்பகுதி அதன் வசமாயிற்று.

இதனால் நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். ரொக்கம் வந்தது. ஓலைக் கூரை ஓடாயிற்று, பிள்ளைகள் நாமக்கல்லுக்குப் படிக்கப் போனார்கள். ஆனால் பேரத்தில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஆலையில் கிழங்குக்கு விலை வெறும் எடையைப் பார்த்து வைப்பதில்லை. மாவுச்சத்தைப் 'பாயிண்டு' கணக்கில் அளந்து, பாயிண்டுக்கு இவ்வளவு என்று போடுவார்கள். அளக்கிற கருவி கீழே இருக்கிறது. விளைவித்தவன் மேலே இருக்கிறான். பிடுங்கிய கிழங்கோ இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும்.

சந்தையில் ஒரு பெரியவரிடம், "விலை கட்டவில்லை என்றால் கொடுக்காமல் இருந்துவிடலாமே?" என்று கேட்டேன்.

"பிடுங்கற வரைக்குந்தாங்க கிழங்கு எம் பேச்சைக் கேக்கும். பிடுங்கிட்டா லாரிக்காரர் பேச்சைத்தான் கேக்கும்" என்றார். பிறகு, "சாமை அப்படி இல்லீங்க. அது பாட்டுக்கு வருஷக்கணக்கில் கிடக்கும்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

பின்னே ஏன் சாமையை விட்டீர்கள் என்று அவரைக் கேட்டிருந்தால் அவர் மனைவி பதில் சொல்லியிருப்பாள். சாமையை உமி போக்கி அரிசியாக்குவது சாமானிய வேலை அல்ல. உரலில் குத்திக் குத்தித் தோள் கழன்றுபோகும். 1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இங்கே வேலை தொடங்கியபோது, விதையைக் காப்பதோடு நில்லாமல், உமி நீக்கும் யந்திரங்களை மலைக்குக் கொண்டுவந்து பெண்கள் குழுக்களிடம் ஒப்படைத்தார்கள். குழுக்கள் சாமை அரிசியும் மாவும் பொட்டலம் கட்டி விற்றன. 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தபோது பட்டணத்துக் கடைகளில் சாமைக்கு ஏக மரியாதை. அந்த மரியாதையில் மலைக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்பது பொட்டலத்தை யார் கட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

கடலுக்கு அப்பாலும் இதே கணக்குத்தான். இலங்கையில் 2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. வன்னியில் ஆயிரக்கணக்கான வீடுகளில் பெண்பிள்ளைகளே குடும்பத் தலைவர்கள். பதுங்கு குழிகளுக்காகப் பனைமரங்கள் வெட்டுண்டு போயிருந்தன. கருப்பட்டிக்கும் பனந்தும்புக்கும் ஆதாரமே பனைதான். சில வருஷங்களில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. மாதச் சம்பளம் என்பதை அந்தப் பெண்கள் முதல் முறையாகப் பார்த்தார்கள். அதை லேசாகச் சொல்வதற்கில்லை. கூடவே வாரத் தவணை வசூலிக்கிற நுண்கடன் கம்பெனிகளும் வீடு வீடாக வந்தன. கடைசியில் 2018-ல், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் வாங்கிய ஒரு லட்சம் ரூபாய் வரையிலான கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர வேண்டியதாயிற்று. ஒரே ஊருக்கு ஒரே யுத்தத்துக்குப் பின் வந்த இரண்டு வியாபாரங்கள் இவை. இரண்டும் தம்மை உதவி என்றே சொல்லிக்கொண்டன.

அவ்வளவு தூரம் போவானேன்? கொல்லிமலையில் இருக்கிற மலையாளிப் பழங்குடிகளின் உறவினர்தான் தர்மபுரி மாவட்டத்தில், சித்தேரி மலை அடிவாரத்து வாச்சாத்தியிலும் இருக்கிறார்கள். 1992 ஜூன் 20-ஆம் தேதி சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வனத்துறையாரும் போலீசாரும் வருவாய்த் துறையாரும் அங்கே புகுந்தார்கள். பதினெட்டுப் பெண்கள் பலாத்காரம் செய்யப்பட்டார்கள். வீடுகள் நாசமாயின. 2011 செப்டம்பர் 29-ஆம் தேதி, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களுடைய அப்பீல்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல், அதே செப்டம்பர் 29-ஆம் தேதி, தள்ளுபடி செய்தது. உண்மையான கடத்தல்காரர்களையும் பெரிய மனிதர்களையும் காப்பாற்றுவதற்காகக் கிராமத்தார் பலியாக்கப்பட்டார்கள் என்று நீதிபதி குறிப்பிட்டார். சந்தனத்தில் லாபம் பார்த்தவர்கள் சௌக்கியமாக இருந்தார்கள் என்று அர்த்தம்.

அந்தத் தீர்ப்பில் இன்னொரு பகுதி இருக்கிறது. பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா பத்து லட்சம் ரூபாய். அதோடு அவர்களுக்கோ குடும்பத்தாருக்கோ தகுந்த வேலை அல்லது நிரந்தரமான சுயதொழில். கிராமத்தாரின் பிழைப்பு உயர அரசாங்கம் என்ன செய்தது என்று அறிக்கை. முப்பத்தொரு வருஷத்துக்குப் பிறகு, உலையில் என்ன போடுவது என்ற கேள்வியைக் கேட்க ஒரு நீதிபதி வேண்டியிருந்தது.

சுயதொழில் என்று தீர்ப்பில் எழுதியாயிற்று. அதில் விளைகிற சரக்கை வாங்குவதற்கு ஆள் வேண்டுமே! அரூரிலும் சேலத்திலும் மண்டிக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு வண்டியும், ஒரு நல்ல தராசும், சரக்கு கைக்கு வந்த அன்றே ரொக்கமும் போதும். தராசின் முள்ளை விற்கிறவளும் பார்க்கிற மாதிரி வைக்க வேண்டும். அப்படி ஒரு மண்டிக்காரர் வாச்சாத்திக்குப் போகக் கிளம்பினால், சொல்லி அனுப்பட்டும். வண்டியில் எனக்கும் ஓர் இடம் வேண்டும்.