மூணு மில்லியும் தாய்மாமன்களும்

கொஞ்ச நாளாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அக்கா கல்யாண வேலை. சுரக்குடி வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் நான்தான். "பத்திரிகை டிசைனை நானே பண்றேன்ப்பா, காசு மிச்சம்" என்று வாயை விட்டேன். வந்தது வினை!

ஏ5 அளவு. 148க்கு 210 மில்லிமீட்டர். ஓரம் வரைக்கும் அரக்குச் சிவப்பு. ஃபான்ட் மாறிவிடாமல் இருக்க தமிழ் எழுத்தையெல்லாம் கர்வ் ஆக்கினேன். படம் 300 டிபிஐ, கலர் சிஎம்ஒய்கே. காரைக்கால் அச்சகத்து அண்ணன், "ப்ளீட் விட்டிருக்கியா தம்பி?" என்றார். அது என்னவென்றே தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கம். "எல்லாம் இருக்குண்ணே" என்றேன்.

500 பத்திரிகை வந்தது. சிவப்புக்குப் பக்கத்தில் நூல் மாதிரி வெள்ளைக் கோடு! சிலதில் இடது பக்கம், சிலதில் கீழே...

விஷயம் இதுதான். பெரிய தாளில் அடித்து, கட்டாக அடுக்கி, ஒரே வெட்டாக வெட்டுகிறார்கள். அப்போது தாள் ஒரு மில்லி நகரத்தான் செய்யும். அதனால் ஓரம் வரை போகும் கலரை நாலு பக்கமும் 3 மில்லி வெளியே இழுத்துவிட வேண்டும். அதுதான் ப்ளீட். அதாவது என் ஃபைல் 154க்கு 216 இருந்திருக்க வேண்டும். எழுத்தோ வெட்டும் கோட்டிலிருந்து குறைந்தது 5 மில்லி உள்ளே நிற்க வேண்டும். உங்கள் வீட்டு சிவகாசி காலண்டரில் சாமி படம் ஓரம் வரை வெள்ளை தெரியாமல் இருக்கிறதே, அதுவும் இப்படித்தான்.

"பக்கத்துக்கு 2 மில்லி உள்ள வெட்டிடலாம்" என்றார் அண்ணன். மூன்று பக்கம் சரி. கீழேதான் சிக்கல். கடைசி வரியில் தாய்மாமன்கள் பெயர், ஓரத்திலிருந்து 3 மில்லியில். அதில் கத்தி பட்டால் கல்யாணமே நடக்காது! கீழ்ப் பக்கத்தை அப்படியே விட்டோம்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் ரொம்ப வலித்தது. ராத்திரி அம்மா மஞ்சள் குழைத்து உட்கார்ந்தார். வழக்கமாக நாலு மூலையில் வைப்பதை, கீழ் ஓரம் முழுக்க ஒரே இழுப்பாக இழுத்தார். வெள்ளைக் கோடு மஞ்சள் கோடானது. நானும் உட்கார்ந்து 500க்கும் தடவினேன்.

பத்திரிகையைப் பார்த்த பெரிய மாமா, "மஞ்ச பார்டர் அருமைடா, நீயா போட்ட?" என்றார்.

"அம்மா போட்டாங்க மாமா."

மக்களே, தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். 3 மில்லியில் முடிந்துவிடும்.