வெளிறிய கற்கள்

வானம் மூடிக்கிடந்தால் சந்தோஷப்படுகிறவர்கள் சிலர் உண்டு. அக்டோபரில் மலையாறுகளுக்கு ட்ரௌட் பிடிக்கப் போகிறவர்கள். நானும் அதில் ஒருத்தன்.

அன்றைக்கு நானும் நண்பனும் யெல்லோஸ்டோன் பூங்காவுக்குள் மேடிசன் ஆற்றில் இருந்தோம். மழையா பனியா என்று சொல்லமுடியாத தூறல். மலைப்பனி கோடையிலேயே உருகி ஓடிவிட்டதால் தண்ணீர் வடிந்து, கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தது. இலையுதிர்காலத்தில் இந்தத் தெளிவுதான் சிக்கல். நம் நிழல் பட்டாலே மீன் ஓடிவிடும். தங்கூசியை 12 அடிக்கு நீட்டி, நுனியை மெல்லிசாக வைக்க வேண்டும். இருண்ட மதியங்களில் பேட்டிஸ் என்கிற சாம்பல்நிறப் பூச்சிகள் சிறகைப் பாய்மரம்போல நிமிர்த்திக்கொண்டு மிதந்து வரும். அரிசிமணி அளவு முள்ளில் இறகும் நூலும் சுற்றி, அதேபோல ஒரு பொய்ப் பூச்சி செய்து மிதக்கவிடுவோம்.

எனக்கு அந்தச் சின்ன மீன்கள் போதவில்லை. இந்த மாதத்தில்தான் பெரிய பிரவுன் ட்ரௌட்கள் ஹெப்ஜென் ஏரியிலிருந்து முட்டையிட ஆறேறி வரும். ஆழம் குறைந்த ஓர் இடத்தில் ஒன்றைப் பார்த்தேன். மஞ்சள் வயிறு, கொக்கிபோல வளைந்த தாடை. ஆண். மீன்குஞ்சு மாதிரி கட்டிய பெரிய முள்ளை அதன் முன்னால் இழுத்தேன். மூன்றாவது வீச்சில் கவ்வியது.

"மச்சி, கொஞ்சம் பின்னாடி போ, மலை தெரியல" என்றான் நண்பன், ஃபோனை நீட்டிக்கொண்டு. இரண்டடி பின்னால் வைத்தேன். கால் பொதுக்கென்று இறங்கியது. சிரித்தேன். படம் எடுத்தான். மீனை விட்டேன்.

அக்கரையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். கோபப்படவில்லை. "உன் காலுக்குக் கீழே பார்" என்றார்.

சுற்றிலும் பாசி படிந்து கறுத்த கற்கள். நான் நின்ற இடம் மட்டும் தேய்த்துக் கழுவியதுபோல வெளிறியிருந்தது. பெட்டை மீன் படுத்துக்கொண்டு வாலால் அடித்தடித்துத் தோண்டிய இடம். குழிதான் கண்ணுக்குத் தெரியும், முட்டைகள் அதற்குள் இல்லை என்றார் அவர். குழிக்குக் கீழ்ப்பக்கம் மேடாகக் குவிந்திருக்கும் கற்களுக்குள்தான் இருக்குமாம். குளிர்காலம் முழுக்க அங்கேயே கிடந்து பொரிக்க வேண்டியவை. குழியில் கால் வைக்காமல் தாண்டுகிறவர்கள்கூட மேட்டை மிதித்துவிடுவார்களாம். நான் நின்றது மேட்டின்மேல்.

அந்த ஆண்மீன் பசியில் கவ்வவில்லை. காவல் காத்த இடத்துக்குள் வந்ததை விரட்டியிருக்கிறது. அதைத்தான் என் திறமை என்று நினைத்திருந்தேன்.

பிரவுன் ட்ரௌட் இந்த நாட்டு மீனே இல்லை. 1883இல் ஜெர்மனியிலிருந்து முட்டைகளாகக் கப்பலில் வந்தது. வந்தேறி மீன்தானே என்று ஒரு சமாதானம் அன்று இரவு தோன்றத்தான் செய்தது. ஆனால் பொதுக்கென்று இறங்கிய அந்த உணர்வு காலை விட்டுப் போகவில்லை.

இப்போதும் அக்டோபரில் போகிறேன். ஆழமான மடுக்களில் மட்டும் வீசுகிறேன். ஆழமில்லாத இடம் வந்தால் கரையேறிச் சுற்றி நடக்கிறேன். சில மதியங்களில் தூண்டிலை மடித்து வைத்துவிட்டு, ஒரு பெட்டை கல்லைப் புரட்டுவதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்தப் படம் இன்னும் என் ஃபோனில் இருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாரும் மீன் எத்தனை கிலோ என்றுதான் கேட்கிறார்கள். தெளிந்த தண்ணீர் என்பதால் என் கால்களும் நன்றாகவே தெரிகின்றன.