கூறை மாத்தின நேரம்

டெல்லிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நேர வித்தியாசம் இல்லை. அங்க முகூர்த்தம் காலை 9.40 என்றால் எனக்கும் 9.40 தான். அடுத்த நாள் பரீட்சை என்றபடியால் போக ஏலவில்லை.

மாப்பிள்ளை, பொம்பிளை இரண்டு பேருமே என்னோடு ஏ.எல். படித்தவர்கள். வீட்டில் போனைப் பார்ப்பினம் என்ற பயத்தில் ரியூசனில் கடிதம்தான். காவித் திரிந்தது நான். 'உன்ர கலியாணத்துக்கு நான்தான் தோழி' என்று அவளிட்ட எத்தனையோ தரம் சொல்லியிருப்பன்.

விடுதி அறையில் சேலை கட்டிக்கொண்டு வட்ஸ்அப் வீடியோவில் இருந்தேன். தோழியாக நின்றது மாப்பிள்ளையின் தங்கச்சி. அதுதானே முறை. நான் போயிருந்தாலும் அந்த இடம் எனக்குக் கிடைத்திருக்காது.

ஐயர் கொடுத்த கூறையோடு அவள் உடுத்தப் போனாள். போனைப் பிடித்திருந்த அவளின் தம்பி அதைக் கதிரையில் வைத்துவிட்டு எங்கேயோ போய்விட்டான். இருபது நிமிஷம் மண்டபத்து மின்விசிறியைத்தான் பார்த்தேன். அப்பதான் விளங்கினது, என்ர இடம் மணவறையில் இல்லை. உள்ள, அவளுக்குப் பக்கத்தில், கொசுவம் மடிச்சு ஊசி குத்திற இடம். அந்த அறைக்குள்ள போன் போகாது.

கெட்டிமேளம் கேட்டது. தாலி கட்டினதைக் காணவில்லை.

மத்தியானம் அதே சேலையோடு சாப்பிடப் போனேன். பக்கத்து அறைப் பிள்ளை என்ன விசேஷம் என்று கேட்டாள்.

"சிநேகிதப்பிள்ளையின்ர கலியாணம்."

"எப்ப?"

"இப்பதான் போயிட்டு வாறன்."