குழல் வாங்கும் முன்

ஆரணிக்கும் போளூருக்கும் இடையில் உள்ள திருமலையில், 16 மீட்டர் உயரத் தீர்த்தங்கரர் நேமிநாதர் பாறையில் நின்ற கோலத்தில் இருக்கிறார். சமண மரபில் இவர் குழலூதும் கண்ணனின் பெரியப்பா மகன். சிலப்பதிகாரம் செய்த இளங்கோவடிகளும் சமணத் துறவி என்றே நெடுங்காலமாகச் சொல்லி வருகிறோம். அந்தக் காப்பியத்தின் அரங்கேற்று காதைக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், குழலை எதில் செய்யலாம் என்று விரிவாகப் பேசுகிறார். பிள்ளைக்குக் குழல் வாங்க வேண்டும், மூங்கில் நல்லதா, பித்தளை நல்லதா என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் அந்த உரைதான் நினைவுக்கு வரும்.

மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என ஐந்தைச் சொல்லி, மூங்கிலை உத்தமம் என்றும் வெண்கலத்தை மத்திமம் என்றும் அவர் வகுக்கிறார். ஆனால் மூங்கில் பருவத்துக்கேற்ப மாறும், வெண்கலம் உறுதியானது, மரம் எப்போதும் ஒரே சீராக நிற்கும் என்று குணங்களையும் சொல்லிவிடுகிறார். தம் காலத்தில் கருங்காலியே பெருவழக்கு என்கிறார். அதோடு விடாமல் நீளம் 20 விரல், சுற்றளவு நாலரை விரல் என்று அளவும் தருகிறார். கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது இந்த அளவைத்தான்.

பொருள் நாதத்தை மாற்றுமா? ஜான் கோல்ட்மன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் வெள்ளி, செம்பு, மரம் மூன்றிலும் ஒரே உள்ளளவில் குழல் செய்து, கேட்பவர் கண்ணில் படாமல் ஊதவைத்தார். எது எந்தக் குழல் என்று கேட்டவர்களுக்கும் தெரியவில்லை, ஊதியவர்களுக்கும் தெரியவில்லை. 1971இல் முடிவை வெளியிட்டார். குழலில் ஒலிப்பது உள்ளே இருக்கும் காற்று. சுவர் உறுதியாகவும் உட்புறம் வழுவழுப்பாகவும் இருந்தால், காற்றுக்கு வெள்ளியும் ஒன்றுதான், மூங்கிலும் ஒன்றுதான்.

காற்றுக்கு வேண்டியது நீளமும் உள்விட்டமும். நீளம் சுருதியை முடிவு செய்யும். உள்விட்டம் குணத்தை முடிவு செய்யும். ஒரே நீளத்தில் உள்விட்டம் அகன்றால் மந்தர ஸ்தாயி நிறைந்து ஒலிக்கும், ஆனால் தார ஸ்தாயி சிரமப்பட்டுத்தான் வரும். குறுகினால் மேல் ஸ்வரங்கள் சுலபமாகப் பேசும், கீழே நாதம் மெலியும். அயர்லாந்து இசைக்காரர்கள் ஊதும் ஆறு துளைத் தகரக் குழலில், வழக்கமான இரண்டு கட்டைக் குழல் ஏறத்தாழ 30 செ.மீ. நீளமும் 12 மி.மீ. உள்விட்டமும் கொண்டது. ஒரு ஸ்தாயி கீழே இறங்க நீளம் இரட்டிப்பாகும், உள்விட்டமோ அந்த அளவுக்குப் பெருகாது. இங்கிலாந்தில் 1843இல் ராபர்ட் கிளார்க் தகரத் தகட்டைச் சுருட்டி, கீழே போகப்போகக் குறுகும்படி இந்தத் தகரக் குழலைச் செய்து விற்றார். மலிவான தகரத்தில் செய்த அந்த வடிவம் இன்றும் விற்பனையில் இருக்கிறது.

நம் பக்கத்திலும் கதை இதுதான். பன்னாலால் கோஷ் நீண்ட மூங்கிலை இந்துஸ்தானி மேடைக்கு ஏற்றினார். அந்த நீண்ட குழலைத் திருவாரூரில் பிறந்த என். ரமணி கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். இருவரும் ஆழமான நாதத்தைத் தேடிக் கடைசியில் மூங்கிலிலேயே நின்றார்கள், அளவைத்தான் மாற்றினார்கள்.

ஆரணியில் பட்டுக்கு நடுவே வாழ்கிற நமக்கு இது விளங்காததல்ல. இழை எவ்வளவு உயர்ந்ததானாலும், பாவு சீராக இல்லாமலும் ஊடை இறுக்கமாக விழாமலும் நெய்த புடவை நிற்குமா? குழலும் அப்படித்தான்.

அப்படியானால் பொருளைப் பார்க்கவே வேண்டாமா? வேண்டும், ஆயுளுக்காக. எங்கள் பக்கத்துச் சித்திரை வெயிலில் மூங்கில் காய்ந்து வெடிக்கும். அதனால்தான் குழலின் இரு முனைகளிலும் நூல் சுற்றிக் கட்டுகிறார்கள். ஐப்பசி மழையில் தறியில் பாவு ஈரம் இழுப்பதுபோல மூங்கிலும் இழுக்கும். வண்டு துளைக்கவும் கூடும். உட்புறம் அவ்வப்போது எண்ணெய் பூசி, வெயில் படாமல் வைத்தால் பல வருடம் உழைக்கும். பித்தளை வெடிக்காது, ஆனால் மூச்சின் ஈரம் உள்ளே நீராகத் தேங்கும், கீழே விழுந்தால் நசுங்கும். பிவிசி குழாயில் செய்தது எதற்கும் அசையாது. பள்ளிப் பையில் கிடந்து உருளும் குழலுக்கு அதுவே போதும். துளைகள் சரியான இடத்தில் இருந்தால் அதில் கற்பதில் ஒரு குறையும் இல்லை.

கடைக்குப் போகும் முன் எத்தனை கட்டைக் குழல் வேண்டும் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். பிள்ளையின் விரல்கள் எல்லாத் துளைகளையும் மூடுகின்றனவா என்று பாருங்கள். எல்லாவற்றையும் மூடிக் கீழ் ஸ்வரத்தை ஊதவைத்து, பிறகு அதே விரலில் மேல் ஸ்தாயியை எழுப்பச் சொல்லுங்கள். இரண்டும் சுருதிப் பெட்டியோடு சேர்ந்தால் வாங்குங்கள். ஊதுதுளையின் விளிம்பைத் தடவிப் பாருங்கள், பிசிறு இருந்தால் வேண்டாம். மூங்கிலா, பித்தளையா என்ற கேள்வியைக் கடைசியில் கேளுங்கள்.