ஆறேகால் அடி வீடு

மதரஸாவில் ஓதிய நாட்களில், பாடமாக வைக்கப்பெறாமல் உஸ்தாதின் அலமாரியிலிருந்து இரவல் பெற்று நாம் படித்த நூல்களுள் இப்னு பதூதாவின் ‘ரிஹ்லா’வும் ஒன்று. 1304இல் தாஞ்சியரில் பிறந்து, 1325இல் ஹஜ்ஜுக்கெனப் புறப்பட்டு, முப்பதாண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக உலகைச் சுற்றிய அப்பெருமகனார், கிப்சாக் புல்வெளியில் தாம் ஏறிச் சென்ற வண்டியைப் பற்றி எழுதியுள்ள பகுதி அன்றே நம் உள்ளத்தில் தங்கிவிட்டது. நான்கு பெரிய சக்கரங்கள். இழுப்பதற்குக் குதிரையோ எருதோ ஒட்டகமோ. மேலே மெல்லிய கழிகளைத் தோல்வாரால் பிணைத்து அமைத்த கூடு. அதன்மீது கம்பளிப் போர்வை. பக்கங்களில் தட்டியிட்ட சாளரங்கள். உள்ளே இருப்பவர் வெளியே உள்ளாரைக் காணலாம். வெளியே உள்ளார் அவரைக் காண இயலாது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே உண்ணலாம், உறங்கலாம், ஓதலாம், எழுதலாம் என்று மகிழ்ந்து சொல்கிறார். மதுரை மண்ணிலும் அவர் கால் பட்டதுண்டு. அது வேறு கதை.

வயது ஐம்பத்தாறு ஆகும்வரை அந்த வண்டி நமக்கு ஏட்டில் மட்டுமே ஓடிக்கொண்டிருந்தது. சென்ற ஆண்டு மூத்த மகன் வெளிநாடு செல்லும்போது, தான் கடைக்குப் பயன்படுத்தி வந்த சிறிய வேனை விற்க மனமின்றி நம் வாசலில் விட்டுச் சென்றான். “வாப்பா, உம்மாவை ஏற்றிக்கொண்டு எங்கேயாவது போய் வாருங்கள்” என்பது அவன் சொன்ன சொல். பிள்ளைகள் ஊர்தியில் கட்டிலும் அடுப்பும் அமைத்து நாடு சுற்றுவோரின் படங்களைக் கைப்பேசியில் காட்டினர். நாமும் அளவுநாடாவும் நாற்பது பக்க நோட்டுமாக வேனுக்குள் புகுந்தோம்.

ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் நீளம் ஆறேகால் அடி. அகலம் நாலேகால் அடி. தரையிலிருந்து கூரைவரை உயரம் நான்கடி. இவ்வளவுதான் இடம். இலக்கணம் கற்றவனுக்கு வரையறைக்குள் அடக்குவது ஒன்றும் புதிதன்று என்ற செருக்கோடு நாம் முதல் வரைபடத்தைப் போட்டோம். அகலம் முழுவதும் ஒரே மரப்பெட்டி, அதன்மேல் மெத்தை, பெட்டிக்குள் சாமான்கள். பெட்டியின் உயரம் பதினாறு அங்குலம். அரபு அகராதி நிமிர்ந்து நிற்க அவ்வளவு வேண்டியிருந்தது! தலைமாட்டில் புத்தகப் பலகை, படிக்க ஒரு விளக்கு, கிப்லா அறியச் சிறு திசைகாட்டி, காலடியில் எரிவாயு அடுப்பு. படத்திற்கு வண்ணம்கூடத் தீட்டினோம்.

ஆசாரியை வரவழைத்துக் காட்டினோம். அவர் படத்தை ஒருமுறை பார்த்தார். வேனை இருமுறை பார்த்தார். “பாய், பலகை வாங்குறதுக்கு முன்னாடி அட்டைப்பெட்டியை அடுக்கி வெச்சு உட்கார்ந்து பாருங்க” என்றார். மளிகைக் கடையில் வாங்கி வந்த அட்டைப்பெட்டிகளைப் பதினாறு அங்குல உயரத்திற்கு அடுக்கி, மூன்று அங்குல மெத்தையைப் போட்டு அமர்ந்தோம். தொப்பியோடு தலை கூரையில் இடித்தது. நாற்பத்தெட்டு அங்குலத்தில் பத்தொன்பது போனால் எஞ்சுவது இருபத்தொன்பது. அமர்ந்த நிலையில் நம் இடுப்பிலிருந்து உச்சிவரை முப்பத்தைந்து. படுக்கத்தான் முடியும், எழுந்தமர முடியாத கட்டிலைக் கட்டில் என்று யார் சொல்வார்? பெட்டியை ஒன்பது அங்குலமாகக் குறைத்தோம். மெத்தையோடு பன்னிரண்டு. தலைக்கு மேல் ஓரங்குலம் மீதி. அகராதி வீட்டிலேயே தங்கிற்று.

அடுப்பு விஷயத்திலும் அவரே நம்மைத் தடுத்தார். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலெழாமல் தரையில் தேங்கும். நாம் வரைந்த இடத்திலோ உருளை மெத்தைக்குக் கீழே, மூடிய பெட்டிக்குள் இருந்தது. கசிவு தேங்குவதும் அங்கே, உறங்குபவர் மூக்கிருப்பதும் அங்கே. மேலும், அடைத்த வண்டிக்குள் அடுப்பெரித்தால் மணமும் நிறமும் அற்ற கார்பன் மோனாக்சைடு தேங்கி உறக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். ஆகவே, ஐந்து கிலோ உருளையைப் பின்கதவையொட்டித் தனியறையில் நிறுத்தி, அதன் தரையில் கீழ்நோக்கி இரு துளைகளிட்டு, சமையலை முழுவதும் வெளியே, தூக்கிய பின்கதவின் நிழலில் வைத்துக்கொள்வதென்று முடிவாயிற்று.

இத்தனைக்கும் நம் இல்லத்தார் ஒருமுறைகூட வேன் பக்கம் வரவில்லை. படத்தைக் காட்டினால் “நல்லா இருக்குங்க” என்பார், போய்விடுவார். எங்கே செல்லலாம் என்று கேட்டால், “நீங்க போய்ட்டு வாங்க, எனக்கு மூட்டுவலி” என்பார். மேலப்பாளையத்தில் அவருடைய ராத்தா நோயுற்றிருந்தும், பார்த்து ஐந்தாண்டுகளுக்கு மேலாகியும், அவருக்குப் புறப்பட மனம் வரவில்லை. வீட்டை விட்டு அகலா இயல்பினர் என்று முப்பதாண்டுகளாக நாம் அவரைப் பற்றி நினைத்திருந்தோம். நண்பர்களிடம் அதைப் பெருமையாகவும் சொல்லியிருக்கிறோம்.

விடுமுறைக்கு வந்த மகள்தான் நம் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பின், “வாப்பா, உம்மா ஏன் எங்கேயும் வர மாட்டேங்கிறாங்கன்னு உங்களுக்கு நிஜமாவே தெரியாதா?” என்றாள். தெரியாது என்றோம். “பஸ்ஸிலே போறதுன்னா முதல் நாள் சாயங்காலத்திலேயே தண்ணி குடிக்கிறதை நிறுத்திடுவாங்க. சர்க்கரை வந்ததுக்கப்புறம் அதுவும் முடியலே. ராத்திரி ரெண்டு மூணு தடவை எழுந்திருக்கணும். வழியிலே எங்கே போவாங்க?” இவ்வளவே சொன்னாள். தந்தையிடம் சொல்லத் தகுந்தது இதற்குமேல் இல்லையென்று எண்ணினாள் போலும்.

2016இல் ஒரு திருமணத்திற்குச் சென்று திரும்பியதும் அவருக்கு நீர்க்கடுப்பும் காய்ச்சலும் கண்டு ஒருவாரம் படுத்தது நினைவுக்கு வந்தது. வெயிலின் சூடு என்று நாம் இளநீர் வாங்கிக் கொடுத்தோம். வழியில் ஆண்கள் அனைவரும் இறங்கி ஏறிய இடங்களில் அவர் சாளரத்தோரம் அசையாமல் அமர்ந்திருந்ததும் நினைவுக்கு வந்தது. பக்கத்திலேயே அமர்ந்திருந்தோம்; கேட்டோமில்லை.

இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆயினும் எழுதாமல் விட்டால் இக்கட்டுரைக்கே பொருளில்லை. நாம் ஓதியதும் ஓதிக்கொடுப்பதுமான ஃபிக்ஹு நூல் எதை எடுத்தாலும், தொழுகைக்கும் நோன்புக்கும் முன்னே முதற்பாடமாக நிற்பது தஹாரத், அதாவது தூய்மை. மக்கள் நடக்கும் வழியிலும், நிழலிலும், நீர்த்துறையிலும் இயற்கைக் கடன் கழிக்கலாகாது என்பதை எத்தனையோ ஆண்டுகள் எத்தனையோ மாணவர்க்கு விளக்கியிருக்கிறோம். வழியும் கூடாது, நிழலும் கூடாது என்றால் வேறெங்கே என்று ஒரு பெண் கேட்டால் என்ன விடை சொல்வோம் என்று ஒருநாளும் எண்ணியதில்லை. இப்போது வண்ணம் தீட்டிய அந்தப் படத்தில் புத்தகத்திற்கு இடமிருந்தது, திசைகாட்டிக்கு இடமிருந்தது, இதற்கு இல்லை. கட்டுரைகளில் ‘நாம்’ என்றே எழுதிப் பழகிய கை அது. ஆனால் படத்தில் இருந்தவர் ஒருவர்தாம்.

படத்தைக் கிழித்துவிட்டு மகளை நடுவில் வைத்துக்கொண்டு மூவருமாக மீண்டும் அமர்ந்தோம். தூக்கிச் செல்லத்தக்க கழிப்பெட்டி என்று ஒன்று விற்கிறது. இரண்டடுக்கு, மேலடுக்கில் கழுவும் நீர், கீழடுக்கில் கழிவு, இடையே இழுத்து மூடும் தகடு. தகட்டை மூடினால் மணம் வெளிவராது. கீழடுக்கைத் தனியே கழற்றி, வழியில் கொட்டாமல், வீட்டுக் கழிப்பறையிலேயே கொட்டிக் கழுவலாம். சிக்கல் அதை வாங்குவதிலன்று, வைப்பதில். கட்டிலுக்கடியில் வைத்தால் நள்ளிரவில் கட்டிலைப் பிரிக்க வேண்டும். பின்புறம் வைத்தால் ஒருவரைத் தாண்டி ஒருவர் போக வேண்டும்.

விடையைக் கண்டவர் நம் இல்லத்தாரே. அதுவரை பேசாதிருந்தவர், “உங்களுக்கு ஆறடி வேணும். எனக்கு எதுக்கு ஆறடி?” என்றார். அவர் உயரம் நாலடி ஒன்பது அங்குலம்! இடப்புறம் அவருக்கு ஐந்தடிப் படுக்கை போதும். எஞ்சிய பதினைந்து அங்குலம் சறுக்குக் கதவையொட்டி, அவர் காலடியில் அமைகிறது. அங்கே பதின்மூன்று அங்குல உயரத்தில் மூடியிட்ட ஒரு பெட்டி, மூடியின்மேல் மெத்தை. பகலில் அது கதவோர இருக்கை. இரவில், வலப்புறம் உறங்குபவரை எழுப்பாமல் அவர் எழுந்து நகர்ந்தால் போதும். சுற்றிலும் கூரைக் கம்பியில் ஓடும் கனத்த திரை. நம் சிறுவயதில் ஊர்ப் பெண்மக்கள் செல்லும் கூண்டு வண்டியின் இருமுனையிலும் வெள்ளைத் துணி கட்டியிருப்பார்கள். அத்துணியின் நினைவில் வெள்ளை வாங்கலாமா என்றோம். “அழுக்குத் தெரியும், கரும்பச்சை வாங்குங்க” என்றார்.

பிறகு எல்லாம் விரைவாக நடந்தது. இருபுறமும் பதினெட்டு அங்குல அகலத்தில் இரு நீள்பெட்டிகள். நடுவே பதினைந்து அங்குல நடைவழி. இரவில் நடைவழியை மூடி ஒரே கட்டிலாக்கும் இரு பலகைகள். பன்னிரண்டு மில்லிமீட்டர் ஈரந்தாங்கும் ஒட்டுப்பலகை. எட்டுக்கு நாலடித் தகடொன்றே இருபது கிலோவுக்கு மேல் நிறுப்பதால் பக்கச் சுவர்களுக்கு மெல்லிய பலகை. எடையைத் தாழ்வாகவும் இருபுறமும் ஒத்தும் வைக்க வேண்டும். ஒட்டகத்தின் இருமருங்கிலும் இருவர் அமரும் மஹ்மிலில் எடை ஒவ்வாவிடில் அது சரிந்துவிடும் என்று படித்திருக்கிறோம். நம் எடை எழுபத்தெட்டு, அவர் எடை ஐம்பத்திரண்டு. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. ஆகவே இருபது லிட்டர்க் குடம் அவர் பக்கத்துப் பெட்டிக்குள் போயிற்று. “என்னைத் தண்ணியோட சேர்த்து நிறுத்துப் பார்த்தீங்களா?” என்று சிரித்தார். ஒளூவுக்கு நபிகளார் ஒரு ‘முத்து’ அளவு நீரே கொண்டார்கள் என்பது ஹதீஸ். அது முக்கால் லிட்டருக்கும் சற்றுக் குறைவு. வீட்டுக் குழாயடியில் நாம் செலவிடும் நீரை வேனில் இருந்துகொண்டுதான் எண்ணிப் பார்த்தோம்.

மின்சாரத்திற்கு நூறு ஆம்பியர்-மணி மின்கலம் வேண்டும் என்றார் கடைக்காரர். கணக்கிட்டுப் பார்த்தோம். இருபது வாட் விசிறி பத்து மணி நேரத்துக்கு 200; விளக்குகளும் கைப்பேசிகளும் சேர்ந்து ஏறத்தாழ 70; ஓரிரவுக்கு 270 வாட்-மணி. ஐம்பது ஆம்பியர்-மணி லித்தியம் மின்கலத்தில் 640 உண்டு; இரண்டிரவு தாங்கும். கூரையில் நூறு வாட் சூரியத் தகடு. மிச்சப்பட்ட பணத்தில் கொசுவலை. திசைகாட்டியைப் பற்றிக் கேட்டபோது, “அதான் போன்ல இருக்கே” என்றாள் மகள்.

பின்னிருக்கையை அகற்றும் முன் போக்குவரத்து அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துப் பதிவுச் சான்றைத் திருத்திக்கொண்டோம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவில் உள்ளதற்கு மாறாக வண்டியை உருமாற்றுவதைத் தடுக்கிறது. கூரையை அறுக்கவில்லை, பக்கத்தில் சாளரம் வெட்டவில்லை. பெட்டிகள் யாவும் பழைய இருக்கையின் திருகாணித் துளைகளிலேயே முடுக்கப்பட்டவை. திடீரென நிறுத்தினால் கட்டப்படாத பெட்டி முன்னிருப்பவர் முதுகில்தான் வந்து விழும். 1951இல் ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் ஃபோக்ஸ்வேகன் வேனுக்கெனச் செய்த முகாம்பெட்டியும் வேண்டியபோது வைத்து வேண்டாதபோது கழற்றும் வகையினதே.

நூல்கள் மட்டும் பூசலாயின. நாம் பன்னிரண்டு கேட்டோம், மூன்று கிடைத்தன. எஞ்சிய பலகையில் அவருடைய அஞ்சறைப்பெட்டியும் மாத்திரை டப்பாவும் அமர்ந்தன. பலகையின் உயரத்தை நம் கைக்கேற்ப வைத்திருந்த ஆசாரி, அவர் ஒருமுறை எட்டிப் பார்த்ததும் சொல்லாமலே அரையடி இறக்கினார்.

இவ்வாண்டு தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை சுபுஹுக்குப்பின் மேலப்பாளையம் புறப்பட்டோம். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே, வழியெங்கும் நின்று நின்று, அன்றிரவு தொண்டியில் நம் பழைய மாணவர் ஒருவரின் வீட்டு முற்றத்தில் வேனை நிறுத்தி உறங்கினோம். வீட்டுக்குள் வரச் சொல்லி அவர் வற்புறுத்தியும் இல்லத்தார் இசையவில்லை. அவருக்குத் தம் இடம் பிடித்துப் போயிற்று. இரவில் இருமுறை திரைக்குள் விளக்கு எரிந்து அணைந்ததை அரைத்தூக்கத்தில் கண்டோம். கதவு திறக்கவில்லை, செருப்புத் தேடவில்லை, நம்மை எழுப்பவுமில்லை.

மறுநாள் இராமநாதபுரம் கடந்து சாயல்குடியை நெருங்குகையில், “தண்ணி தீர்ந்துடுச்சுங்க” என்றார். குடிநீருக்கெனத் தனியே பத்து லிட்டர் வைத்திருந்தோம். ராத்தா வீடுவரை போதும் என்பது நம் கணக்கு. பயணத்தில் அவர் குடிக்கும் அளவை முப்பதாண்டுகளாகப் பார்த்திருந்து போட்ட கணக்கு அது. சாலையோரக் கடையொன்றில் வேனை நிறுத்திக் குடத்தை நிரப்பச் சென்றோம்.