106-ன்னா 106 தானா?



போன ஆண்டு விழாவில் ஆறாம் வகுப்புப் பிள்ளை பாடினப்போ நமக்குப் பாட்டை விட மைக்கின் 'உஸ்ஸ்' தான் அதிகம் கேட்டது. அதனால் இந்த வருஷம் மைக் ஆம்ப்ளிஃபயருக்கு, இரைச்சல் குறைந்த 5 வோல்ட் ரெகுலேட்டர் போர்டு ஒன்றை நாங்களே செய்கிறோம்.

அதன் வெளியீட்டுக்கு 10 மைக்ரோஃபாரட் செராமிக் மின்தேக்கி வேண்டும். கடையில் கேட்டால், "106-ன்னா 106 தாம்மா, எல்லாம் ஒண்ணுதான்" என்றார். 10-க்குப் பின் ஆறு சைபர், அத்தனை பிக்கோஃபாரட். கணக்கு சரிதான். ஆனா ரகம்? ஒய்5வி ரகம் −30 முதல் 85 டிகிரி செல்சியசுக்குள் 82 சதவீதம் வரை இழக்கலாம். எக்ஸ்7ஆர், −55 முதல் 125 வரை 15 சதவீதத்துக்குள் நிற்கும். டி.சி. வோல்ட் ஏறினாலும் ரெண்டுமே குறையும். ரொம்பக் குறைந்தால் ரெகுலேட்டரே ஆட ஆரம்பித்துவிடும். அதனால் 6.3 வோல்ட்டை விட்டு, 25 வோல்ட் எக்ஸ்7ஆர் வாங்கினோம். விலைதான் கூட!

இன்னொரு கூத்து கேளுங்க. இந்த ரெண்டு ரகத்திலும் பேரியம் டைட்டனேட் இருக்கு. தட்டினால் அதில் மின்னழுத்தம் பிறக்கும். ரெகுலேட்டரின் பைபாஸ் காலில் அதை வைத்தால் மேடை அதிர்வதெல்லாம் இரைச்சலாகிவிடும். ஒரு மைக்குக்கு ரெண்டு மைக்! அங்கே 0.01 மைக்ரோஃபாரட் போதும் என்பதால் சி0ஜி ரகம் போட்டோம். அதுக்கு இந்த வம்பு கிடையாது.

ரெண்டு ரகத்தையும் போட்டுக் காட்டுகிறோம். மதியம் பென்சிலோடு பிசிக்ஸ் லேபுக்கு வாங்க, தட்டிப் பார்க்கலாம்.

– பிளஸ் டூ 'அ' பிரிவு மாணவி